முனிக்காட்டு விசிலும் லூர்து டீச்சரும்

லூர்து டீச்சர் காலமாகிவிட்டார் என்று ஹாலிஎல பஸ் நிறுத்தத்தில் ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு ஆளைச் சாகடிக்க நோய் தேவையில்லை, ஒரு பஸ் பயணம் போதும். பண்டாரவளையில் தடிமன் காய்ச்சலாக ஏறுகிற செய்தி, பதுளையில் இறங்கும்போது பாடை கட்டி முடித்திருக்கும். "யாரு சொன்னது? எப்ப? நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று நான் விசாரிக்கத் தொடங்கியதும் அந்த மனிதர் முகத்தைச் சுளித்தார். "செத்தவங்க விஷயத்துலயுமா சந்தேகம், டொக்டரையா?" என்று கேட்டுவிட்டு வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் ரேடியோவில் மரண அறிவித்தல் வாசித்தார்கள். பெயர் சரியாக இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதும் சரியாக இருந்தது. அதற்குப் பிறகும் பதுளைக்குப் போய், அவருடைய தங்கை வீட்டு முன்னறையில் பெட்டிக்குள் அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் என் மனம் ஏற்றுக்கொண்டது. பார்த்ததும் அழுதுவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் நான் அவருக்கு என்ன உறவு என்று யோசித்திருப்பார்கள்.

டீச்சரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் எழுதும் எண்ணம் எனக்கு முதலில் இருக்கவில்லை. சாவு வீட்டில் என் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "நல்லாப் படிச்ச மனுஷி. ஏதோ தோட்டத்துல முனி வெரட்டி, அதுக்குப் பொறகு புத்தி கொஞ்சம் பெசகிப் போச்சாம்" என்றாள் ஒருத்தி. "வேதக்காரங்களையும் முனி விடாதா?" என்றாள் மற்றவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சருக்குக் கடைசி வரை புத்தி பிசகவில்லை. அவர் முனியைப் பார்க்கவும் இல்லை. பார்த்ததாக ஏன் சொன்னார் என்பது அவருக்கு அடுத்தபடி எனக்கு மட்டும்தான் தெரியும்.

என்னை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மழை கொட்டுகிற காலையில், பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுக்க மனமில்லாதபோது, எத்தனை பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுவலி வரும் என்பது எனக்குத் தெரியும். நாக்கை நீட்டச் சொல்லி, நாடி பிடித்து, மெய்க் காய்ச்சலையும் பொய்க் காய்ச்சலையும் பிரிப்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. "சோத்துல உப்புப் போட்டிருக்கேன்னு சொன்னாலும் வாயில வச்சுப் பாத்துத்தான் நம்புவீங்க" என்று என் மனைவி சொல்வாள். வாயில் வைத்துப் பார்க்காமல் எப்படி நம்புவது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

டீச்சர் எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்த முதல் வாரம், பிள்ளைகளின் சொறிக்கு மருந்து கேட்டு டிஸ்பென்சரிக்கு வந்தார். தோட்டம் முழுவதும் என்னை டொக்டரையா என்றுதான் கூப்பிடும். அவர் மட்டும், "நீங்க டொக்டர் இல்லியே, டிஸ்பென்சர்தானே? நான் டிஸ்பென்சர்னே கூப்பிடுறேன். உள்ளதைச் சொல்றதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல" என்றார். வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் மருந்தைப் பாதிப் போத்தல்தான் ஊற்றிக் கொடுத்தேன். அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "மீதியையும் ஊத்துங்க" என்றார். ஊற்றினேன்.

அவர் எப்படிப்பட்டவர் என்பதை மேட்டு லயத்து வீடுகளில் ஒரு சிறுமிக்கு வலிப்பு வந்தபோது தோட்டமே கண்டுகொண்டது. முனி அடித்துவிட்டது என்று பூசாரி வேப்பிலையோடு உட்கார்ந்துவிட்டார். டீச்சர் வாசலில் நின்று, "முனி அடிச்சதை நீங்க பாத்தீங்களா? இல்ல, பாத்தவங்க சொன்னாங்களா? சொன்னவங்க பாத்தாங்களா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். பிள்ளையைத் தாயின் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிள்ளை பிழைத்துக்கொண்டது. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு நாமளே பழமொழி சொல்றோம், அப்பறம் நாமளே போய் அரண்டு நிக்கிறோம்" என்று அன்று சொன்னார். அதிலிருந்து நானும் அவரும் ஒரு கட்சி. பூசாரியிடம் போகிற காய்ச்சல் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் வரத் தொடங்கியது. டீச்சர் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று கிழவிகள்கூடச் சொன்னார்கள்.

அந்த முனி இருந்த இடத்தைச் சொல்ல வேண்டும். தோட்டத்தின் மேல் எல்லையில், தேயிலைக் கொழுந்து மலை முடிகிற இடத்தில், ஒரு துண்டுக் காடு இருந்தது. உள்ளே ஓர் ஓடை. லயத்தில் குடம் பிடிக்கிற பீலிக்குத் தண்ணீர் அங்கிருந்துதான் வந்தது. காட்டு ஓரத்தில் மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும் இருக்கும். பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்குகிற நேரத்தில் காட்டுக்குள்ளிருந்து நீளமாக ஒரு விசில் கேட்கும். முனி வேட்டைக்குப் புறப்படுகிறார் என்பார்கள். விடிகிற முன்பு மறுபடி கேட்கும். திரும்பி வந்துவிட்டார் என்பார்கள். அந்தக் காட்டில் ஒருவரும் சுள்ளி பொறுக்குவதில்லை, சுருட்டோடு அந்தப் பக்கம் நடப்பதும் இல்லை. நான் முனியை நம்பாதவன். கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறவன் எவனோ தன் கூட்டாளிக்குச் சைகை காட்டுகிறான் என்பது என் முடிவு.

ஒருநாள் காது வலி என்று வந்த ஒரு சிறுமியிடம் பேச்சுக் கொடுத்தேன். வகுப்பில், "டீச்சர், காட்டுல விசில் அடிக்கிறது யாரு?" என்று அவள் கேட்டாளாம். "தெரியாது. கணக்கைப் போடு" என்றாராம் டீச்சர். என் கை நின்றுவிட்டது. தெரியாது என்றால் "வா, தெரிஞ்சுக்கலாம்" என்று கிளம்புகிற மனுஷி அவர். பூசாரியின் வேப்பிலைக்கு முன்னாலிருந்து பிள்ளையைத் தூக்கி வந்தவர். அவர் ஏன் கணக்கைப் போடச் சொல்கிறார்? நெருப்பில்லாமல் புகையாது என்று அன்றிலிருந்தே அவரைக் கவனிக்கத் தொடங்கினேன்.

அதிக நாள் ஆகவில்லை. கணுக்காலில் கடிவாய் ஆறவில்லை என்று மருந்துக்கு வந்தார். அட்டைக்கடி. ஒன்றிரண்டு இல்லை, புதிதும் பழையதுமாக இரண்டு காலிலும் இருந்தது. வகுப்பறைக்கும் வீட்டுக்கும் நடக்கிறவருக்கு இவ்வளவு அட்டை எங்கிருந்து வரும்? கொழுந்து எடுக்கிற பெண்களுக்குக்கூட இப்படி இல்லை. ஈரம் காயாத காட்டுக்குள் அசையாமல் உட்கார்ந்தால்தான் இப்படிக் கடிக்கும். "எங்க டீச்சர் இது?" என்றேன். "கால்ல" என்றார். மருந்தைத் தடவி அனுப்பிவிட்டு நான் ஒன்றையும் ஒன்றையும் கூட்டினேன். பொழுது சாயும்போது விசில், அதன் பிறகு காட்டுக்குள் டீச்சர். ஆக, எவனோ ஒருவன் விசிலடித்துக் கூப்பிடுகிறான், இவரும் போகிறார். நாற்பது தாண்டிய, கல்யாணம் வேண்டாம் என்று இருந்த மனுஷியைப் பற்றி அப்படி நினைத்தேன். நானிருந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

அடுத்த சனிக்கிழமை பின்னாலேயே போனேன். கறுப்புச் சேலை கட்டி, அட்டை ஏறாமலிருக்கக் காலில் முழங்கால் வரை சவுக்காரம் தேய்த்துக்கொண்டு, கல்லையும் சூலத்தையும் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே நுழைந்தார். ஓடை ஒரு பாறையிலிருந்து விழுகிற இடத்தில், பெரிய மரத்து வேருக்குப் பின்னால் உட்கார்ந்தார். நான் ஒளிந்து நின்றேன். விசிலடிக்கிற ஆளைக் காணோம். கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பாமலே, தாழ்ந்த குரலில், "டிஸ்பென்சர், வந்துட்டீங்கன்னா உக்காருங்க. நின்னா அது வராது" என்றார். மானம் போயிற்று. போய் உட்கார்ந்தேன். "எது வராது?" என்றேன். "வாயை மூடுங்க" என்றார்.

விசில் என் தலைக்குப் பக்கத்திலேயே வெடித்தது. தூரத்தில் மனிதனின் விசிலாகக் கேட்டது, அருகில் கேட்டால் சாணைக்கல்லில் கத்தியை வைத்த மாதிரி பல் கூசியது. பிறகு ஈரப்பாறை மேல் ஒரு குருவி வந்து இறங்கியது. மைனா அளவுதான் இருக்கும். முதலில் வெறும் கறுப்பு. திரும்பியபோது உடம்பு கருநீலம், தோளில் மட்டும் பளபளவென்று ஒரு நீலத் துண்டு. கல்லுக்குக் கல் தாவியது, நிற்கும் இடத்திலெல்லாம் வாலை விசிறியாக விரித்து மூடியது. தண்ணீர் ஓரத்தில் ஒரு சின்னத் தவளையைப் பிடித்து, கல்லில் இரண்டு அடி அடித்து, விழுகிற தண்ணீருக்குப் பின்னால் கொண்டுபோனது. அங்கே பாறை இடுக்கில் பாசியால் ஒரு கூடு இருந்தது. கூட்டிலிருந்து தவிட்டு நிறத்தில் ஒரு தலை நீண்டு தவளையை வாங்கிக்கொண்டது. நான் கால் மாற்றி வைத்தேன். அவ்வளவுதான், ஒன்றையும் காணோம்.

திரும்பி வரும்போது டீச்சர் அடங்கிய கோபத்தோடு அதன் குணங்களைச் சொன்னார். புத்தகத்தில் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் உண்டு, அவர் வைத்த பெயர் சீட்டிக்குருவி. வெளிச்சம் பிடிக்காது. பகலெல்லாம் இருண்ட புதருக்குள் இருந்துவிட்டு, அந்தியிலும் விடியற்காலையிலும்தான் கூப்பிடும். சுத்தமான தண்ணீர் ஓடுகிற குளிர்ந்த காட்டைத் தவிர வேறெங்கும் குடியிருக்காது. மைனாவைப் போலவும் காக்காயைப் போலவும் தோட்டத்துக்குள் வந்து பிழைத்துக்கொள்ளத் தெரியாது. காட்டை வெட்டினால் அது பறந்து வேறிடம் போகும் என்று நினைக்க வேண்டாம், போக வேறிடம் இல்லை. "இந்த மலையில இது ஒரு துண்டுதான் மிச்சம்" என்றார். அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. ஒரு குருவிக்காகவா ஒரு மனுஷி அட்டைக்கடி வாங்குவார், இது ஏதோ சாக்கு என்று நினைத்து மேலும் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். குருவியைத் தவிர வேறொன்றும் இல்லை.

"அப்ப பிள்ளைங்ககிட்ட சொல்லலாமே, முனி இல்ல, குருவின்னு" என்றேன். டீச்சர் நடையை நிறுத்திவிட்டார். "சொன்னா மொத நாள் கல்லெறிஞ்சு பாப்பாங்க. ரெண்டாவது நாள் கூட்டைக் கொண்டுவந்து எங்கிட்டயே காட்டுவாங்க. மூணாவது நாள் வெறகுக்கு எறங்குவாங்க" என்றார். தண்ணீரைப் பற்றிச் சொல்லலாமே என்றேன். காடு போனால் கோடையில் பீலி வற்றும் என்று தோட்டத்துத் துரையிடம் ஏற்கெனவே சொல்லிப் பார்த்தாராம். அந்த இடத்தில் இன்னும் எத்தனை கன்று நடலாம் என்று துரை கணக்குச் சொன்னாராம். "பயம் கெட்டதுதான், டிஸ்பென்சர். ஆனா இப்பத்திக்கு அந்தக் காட்டுக்கு வேற வேலி இல்ல" என்றார். யாரிடமும் சொல்வதில்லை என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். வாங்கிய பிறகும் நான் காப்பாற்றுவேன் என்று அவர் நம்பியதாகத் தெரியவில்லை. வாரா வாரம், "யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்பார்.

பிறகு மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு வந்த காலம். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது, தோட்டம் கொடுத்துவந்த விறகு நின்றது. பெண்கள் வேலை முடிந்து மலை தாண்டி நடந்து விறகு கொண்டுவந்தார்கள். அந்த நேரம் பார்த்து, டீச்சர் அந்தியில் காட்டிலிருந்து வெளியே வருவதை யாரோ கண்டுவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சூனியக்காரி என்றார்கள் சிலர். இளவட்டங்களோ, "டீச்சர் போய்ட்டு வர்றாங்க, ஒண்ணும் ஆகலியே, அப்ப உள்ள ஒண்ணும் இல்லதானே?" என்று கத்தியைத் தீட்டத் தொடங்கினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட முற்றத்தில் சனம் கூடியது. தொழிற்சங்கத் தலைவர் செல்லமுத்து நல்ல மனிதர், மரியாதையாகத்தான் கேட்டார். "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. பொம்பளைங்க வெறகுக்குப் படுற பாடு உங்களுக்கே தெரியும். பக்கத்துலயே காடு இருக்கு, முனிக்குப் பயந்து நாங்க கை வைக்கல. பூசாரி இருக்குங்கிறாரு, பயலுக இல்லங்கிறானுக. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. முனி இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்கே எறங்கிருவோம்."

டீச்சர் அந்தப் பெண்களைப் பார்த்தார். அவர்கள் தலையில் சும்மாட்டுத் தழும்பு இருந்தது அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். "டிஸ்பென்சர், நீங்க பேசாதீங்க" என்றார். பிறகு, "இருக்கு" என்றார். "நேத்து என்னைய வெரட்டிருச்சு. நான் இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன். நீங்களும் போகாதீங்க." குரல் நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒரு கிழவி முன்னால் வந்து அவர் நெற்றியில் திருநீறு பூசினாள். கழுத்தில் சிலுவை தொங்க, டீச்சர் அசையாமல் நின்று பூசிக்கொண்டார்.

காடு தப்பியது. கத்தி தீட்டியவர்கள் காட்டு ஓரத்தில் கோழி அறுத்துவிட்டுப் போனார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும். வேதக்கார டீச்சர் முனியைப் பார்த்தாராம் என்று மற்றப் பள்ளிக்கூடங்களில் சிரித்தார்கள். மாதா கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தள்ளி உட்கார்ந்தார்கள். கொஞ்ச நாளில் ஹல்துமுல்லைப் பக்கம் மாற்றல் வந்தது. டீச்சரே பார்த்துவிட்டார் என்றானதும் என் டிஸ்பென்சரி வாசல் மறுபடி வெறிச்சோடியது. ஒரு பிள்ளையைக் கடுங்காய்ச்சலோடு பூசாரியிடமே வைத்திருந்து, கடைசியில் என்னிடம் கொண்டுவந்தார்கள். உயிர் தங்கியது, ஒரு காது போய்விட்டது. அதற்காக டீச்சர் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் முழுக்கப் போகவில்லை. செத்தவர்களைப் பற்றி நல்லதை மட்டும் பேச வேண்டும் என்பார்கள், அவருக்கு அது பிடிக்காது.

அந்தக் கோபத்தோடுதான் ஹல்துமுல்லைக்குப் போய் அவரிடம் பிள்ளையின் காதைப் பற்றிச் சொன்னேன். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அது என்னாலதான். வேற யார் மேலயும் போடாதீங்க" என்றார். பிறகு, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே, "விசில் கேக்குதா?" என்றார். கேட்கிறது என்றேன். "நீங்களே கேட்டீங்களா, யாராவது சொன்னாங்களா?" நானே கேட்டேன் என்றேன். "ஒருக்கா வந்து கேட்டுட்டுப் போங்க டீச்சர், ரோட்டுல நின்னாலே கேக்கும்" என்றேன். தலையை ஆட்டினார். "முனி வெரட்டினவ திரும்பி வந்து நின்னா, அவ சொன்னதை யார் நம்புவாங்க?" என்றார். அவர் அதன் பிறகு அந்தக் குருவியின் குரலைக் கேட்கவே இல்லை. நான் போகும்போதெல்லாம் இரண்டே கேள்விதான். பிள்ளை எப்படி இருக்கிறாள், விசில் கேட்கிறதா. பொய் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, அவரைப் பார்க்கப் போவதற்கு முதல்நாள் அந்தியில் நான் காட்டு ஓரத்தில் போய் நிற்பேன். அப்படியும், "சத்தியமாவா?" என்று கேட்பார்.

டீச்சர் எத்தனையோ தோட்டங்களில் படிப்பித்தவர். இது எந்தத் தோட்டம் என்று நான் எழுதவில்லை. தெமோதரைப் பக்கமா, வேறு பக்கமா என்றும் சொல்லப்போவதில்லை. தலைவரின் பெயர் செல்லமுத்து இல்லை. ஓடையையும் பாறையையும் கொஞ்சம் இடம் மாற்றி வைத்திருக்கிறேன். இதை வாசிப்பவர்களில் மரம் வாங்குகிறவர் ஒருவர் இருக்கலாம், குருவியைக் கூண்டில் விற்கிறவர் ஒருவர் இருக்கலாம். உங்களில் யார் எப்படி என்று எனக்குத் தெரியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். டீச்சருக்குப் புத்தி பிசகவில்லை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

அவரை அடக்கம் செய்த அடுத்த வாரம், அந்தத் தோட்டத்திலிருந்து நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். இப்போதைய தலைவர்தான் பேசினார். "டீச்சரும் போய்ட்டாங்க. இனி உங்களை விட்டா கேக்க ஆள் இல்ல. நீங்க மருந்து படிச்சவரு, காலம் பூரா பூசாரியோட சண்டை போட்டவரு. நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க. உண்மையச் சொல்லுங்க டொக்டரையா, அந்தக் காட்டுக்குள்ள என்ன இருக்கு?"

டீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பொய் ஒன்றுதான். அதைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"முனிதான்" என்றேன். "நானும் பாத்திருக்கேன்."